மதுரையில் இருந்துகொண்டு கிரிப்டோகிராஃபி, கணினிப் பாதுகாப்பு மேற்படிப்பு: சேரலாமா?

8 ஜூன் 2025, கேள்வி

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டேன். ஊர் திருமங்கலம் பக்கம். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான சீட்டா தேர்வு எழுதியிருக்கிறேன், எம்.இ.யில் சைபர் பாதுகாப்பு எடுக்க ஆசை, தகவலை மறைத்து அனுப்பும் கிரிப்டோகிராஃபியும் அதில் வரும். எங்கள் மாமா சொல்கிறார்: "ரெண்டு வருசம் எதுக்குடா? மூணு மாச கோர்ஸ் போட்டு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கினா வேலை கிடைக்கும். மதுரையில உட்கார்ந்து கிரிப்டோகிராஃபி படிச்சு என்ன பண்ணப்போற?" அவர் சொல்வது எனக்கும் பாதி சரியென்றுதான் படுகிறது. டூல்களை ஓட்டத் தெரிந்தால் போதாதா? அனுபவப்பட்ட அண்ணன், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

8 ஜூன், இரவு 10.40

சேருங்கள் தம்பி. ஆனால் எந்தக் கல்லூரி என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தப் பாடத்தில் மாணவனை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று விசாரியுங்கள். எதையாவது உடைக்கச் சொல்கிறார்களா? எதையாவது நிரூபிக்கச் சொல்கிறார்களா? இரண்டும் இல்லாமல் ஐந்து யூனிட்டை மனப்பாடம் செய்து எழுதுவதுதான் பாடம் என்றால் உங்கள் மாமா பக்கம்தான் நானும். மற்றதை நாளை எழுதுகிறேன்.

9 ஜூன்

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் வெளியூரில் மென்பொருள் வேலை. அம்மாவுக்கு முடியாமல் போனதும் மதுரைக்கு வந்தேன். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் முதுநிலை மாணவர்களுக்குக் கிரிப்டோ, கணினிப் பாதுகாப்பு, தனியுரிமை மூன்றையும் எலக்டிவாக நடத்துகிறேன்.

எனக்கு இந்தத் துறையில் பிடிப்பு வந்தது 2011ல், நான் செய்த ஒரு தவறால். கடைகளில் கார்டு தேய்க்கும் கருவிக்கு எழுதிய மென்பொருள் அது. தகவலை ஏ.இ.எஸ். என்ற முறை கொண்டு என்க்ரிப்ட் செய்தோம், அதாவது சாவி இல்லாதவருக்குப் புரியாதபடி மறைத்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கவுண்டர் எண்ணை எடுத்துக்கொள்ளும் கவுண்டர் முறையில். அந்த முறையில் ஒரே சாவிக்குக் கீழே கவுண்டர் எண் இரண்டாவது முறை வரவே கூடாது. என் நிரலில் கரண்ட் போய்த் திரும்பினால் கவுண்டர் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். வெளியிலிருந்து வந்த ஒரு பரிசோதகர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். "ஏ.இ.எஸ். போட்டிருக்கிறோமே, அப்புறம் என்ன?" என்று நான் இரண்டு நாள் வாதாடினேன். டூல் தெரியும். நூலகத்தில் எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும். அது என்ன வாக்குறுதி தருகிறது, எந்த நிபந்தனையில் தருகிறது என்பது தெரியாது. அந்த வாக்குறுதியையும் நிபந்தனையையும் படிப்பதற்குத்தான் இரண்டு வருடம், தம்பி. அதற்கு அடுத்த ஆண்டே கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தேன்.

15 ஜூன்

"முன்கூட்டியே என்ன படித்து வைக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணிதம். முதலில் எண்கோட்பாடு: வகு மீதி, பகா எண், ஃபெர்மாவின் சிறு தேற்றம், யூக்ளிடின் மீப்பெரு பொது வகுத்தி முறை. மறைக்க எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொதுச்சாவி, திறக்க ஒரு தனிச்சாவி என்று வைக்கும் ஆர்.எஸ்.ஏ. முறை 1977ல் வந்தது, பொதுச்சாவி என்ற எண்ணத்தை முன்வைத்த டிஃபி, ஹெல்மன் கட்டுரை அதற்கு முந்தைய வருடம். இரண்டுமே இந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கின்றன. நம் நாட்டுப் பங்கும் இதில் உண்டு: ஒரு எண் பகா எண்தானா என்று, பல்லுறுப்புக் காலத்துக்குள் (எண்ணின் இலக்கங்கள் கூடினாலும் நேரம் வெடித்துப் பெருகாதபடி), வாய்ப்பை நம்பாமல் உறுதியாகச் சொல்லும் முதல் முறையை 2002ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும் அவர் மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் கண்டுபிடித்தார்கள். அந்த இருவரும் அப்போதுதான் இளநிலை முடித்தவர்கள்.

கூடவே ஒரு சின்ன லேப். மீனாட்சியம்மன் கோயில் கோபுரப் படம் ஒன்றை எடுத்து ஏ.இ.எஸ். இ.சி.பி. முறையில் (16 பைட் துண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே மறைப்பது) என்க்ரிப்ட் செய்து, வந்ததைத் திரும்பப் படமாகவே திறந்து பாருங்கள். கோபுரத்தின் வடிவம் அப்படியே தெரியும். ஒரே 16 பைட் துண்டு எத்தனை முறை வந்தாலும் ஒரே மாதிரி மறைவதால் வரும் வினை.

17 ஜூன்

கோபுரம் தெரியவில்லை, வெறும் புள்ளி மழைதான் வருகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதுதான் சரி. ஃபோனில் எடுத்த படத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள்கூட ஒரே நிறத்தில் இருப்பதில்லை, அதனால் 16 பைட் துண்டுகள் திரும்ப வருவது குறைவு. நான் வகுப்பில் காட்டுவது கோட்டுப் படம், அதை மறந்து கோபுரம் என்று எழுதிவிட்டேன். சிக்குக்கோலம் ஒன்றைக் கணினியிலேயே ஒரே நிறப் பின்னணியில் வரைந்து, சுருக்காத பி.எம்.பி. கோப்பாக வைத்துச் செய்யுங்கள். படத்தின் அளவைச் சொல்லும், கோப்பின் தொடக்கத்தில் உள்ள தலைப்புப் பகுதியை மட்டும் மறைக்காமல் பழையபடி ஒட்டிக்கொள்ள வேண்டும். கோலம் வளைவு வளைவாகத் தெரியும்.

29 ஜூன்

15ஆம் தேதி எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். எண்கோட்பாடு முதலில் வேண்டாம்.

இந்த வாரம் புது பேட்ச் வந்தது. முதல் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மேம், ஆர்.எஸ்.ஏ. எனக்கு முழுசாத் தெரியும்" என்று போர்டில் போட்டுக் காட்டினாள். தப்பே இல்லை. "உன் தோழி உனக்கு ஆம், இல்லை என்று ஒரே ஒரு பதிலை இந்த முறையில் அனுப்புகிறாள், நடுவில் இருக்கும் நான் அதைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டேன். முடியாது என்றாள், தனிச்சாவி என்னிடம் இல்லையே என்று. வகுப்பே ஆமோதித்தது. பொதுச்சாவிதான் எல்லோர் கையிலும் இருக்கிறதே. நானே "ஆம்" என்பதை என்க்ரிப்ட் செய்து பார்ப்பேன், "இல்லை" என்பதையும் செய்து பார்ப்பேன், வழியில் போனது எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் முடிந்தது. ஆர்.எஸ்.ஏ.யை உடைக்கப் பெரிய எண்ணைக் காரணிப்படுத்த வேண்டும் என்பார்கள், இங்கே அதுவும் வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணுக்கு எண்கோட்பாடு தெரிந்திருந்தது. "பாதுகாப்பு" என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. அதை முதன்முதலில் ஒழுங்காக எழுதியவர்கள் கோல்ட்வாசரும் மிகாலியும், 1982ல். எதிராளி இரண்டு செய்திகளைத் தானே தேர்ந்து கொடுக்கிறான். நாம் காசைச் சுண்டி ஒன்றை என்க்ரிப்ட் செய்து நீட்டுகிறோம். எது என்று அவன் சொல்ல வேண்டும். கண்ணை மூடிச் சொன்னாலே பாதிக்குப் பாதி சரியாகும். அந்தப் பாதியைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடுதலாக அவனால் ஜெயிக்க முடியாது என்று காட்டினால்தான் அது பாதுகாப்பு. இந்த விளையாட்டில், ஒரே செய்திக்கு எப்போதும் ஒரே வெளியீடு தரும் எந்தப் பொதுச்சாவி முறையும் முதல் ஆட்டத்திலேயே தோற்கும். கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது, 2012ஆம் ஆண்டுக்கானது, இந்த இருவருக்கும் கிடைத்தது.

ஆகவே தம்பி, முதலில் நிகழ்தகவு. அதுவும் நிபந்தனை நிகழ்தகவு. அப்புறம் இந்த மாதிரி விளையாட்டாக எழுதிப் பழகுவது: எதிராளி யார், அவன் கையில் என்ன இருக்கிறது, எது நடந்தால் அவன் ஜெயித்ததாக அர்த்தம். எண்கோட்பாடு ஆறாவது வாரம் வந்தால் போதும். இந்த வருட வகுப்பு வரிசையையும் அப்படியே மாற்றிவிட்டேன்.

29 ஜூன், பிற்சேர்க்கை

இன்னொன்று. ஆம், இல்லை இரண்டையும் நல்ல முறையில் என்க்ரிப்ட் செய்தாலும் நீளம் மறையாது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடில், யுடிஎஃப் 8 முறையில், தமிழ் எழுத்து அல்லது குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். "ஆம்" (ஆ, ம, புள்ளி) 9 பைட், "இல்லை" 15 பைட். கவுண்டர் முறையில் அனுப்பினால் அளவைப் பார்த்தே பதிலைச் சொல்லிவிடலாம். 16 பைட்டுக்கு நிரப்பி அனுப்பும் முறையில் இரண்டும் ஒரே அளவாகிவிடும். மேலே சொன்ன விளையாட்டில் எதிராளி தரும் இரண்டு செய்திகளும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த விதி ஏன் என்று நான் படிக்கும்போது கேட்டதேயில்லை. தமிழில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது.

20 ஜூலை

திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ஊர்ப் பூட்டின் பெருமையே உள்ளே இருக்கும் சூட்சுமம் வெளியில் தெரியாததுதான். நீங்களோ முறையை எல்லோருக்கும் சொல்லித்தருகிறீர்கள். இது எப்படிப் பாதுகாப்பு?"

நல்ல கேள்வி, கொஞ்சம் யோசித்துத்தான் பதில் எழுதுகிறேன். எங்கள் தாத்தா வீட்டில் ஒரு மாங்காய்ப் பூட்டு இருந்தது. பூட்டின் உள்ளே லீவர்கள் இருக்கும் என்பது திண்டுக்கல்லில் எந்தப் பட்டறைப் பையனுக்கும் தெரியும். ஆனாலும் தாத்தா வீட்டுப் பூட்டை அவன் தன் சாவியால் திறக்க முடியாது. ஏனென்றால் ஒவ்வொரு பூட்டுக்கும் கையால் அராவிய பல் வேறு. ரகசியம் சாவியின் பல்லில் இருக்கிறது, பூட்டு என்ற வகையில் இல்லை. சாவி தொலைந்தால் பூட்டை மாற்றினால் போயிற்று. பூட்டு செய்யும் முறையே ரகசியம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பட்டறைக்காரர் வேலையை விட்டுப் போன அன்று ஊரில் உள்ள அத்தனை வீட்டுக் கதவையும் மாற்ற வேண்டும். டச்சு அறிஞர் கெர்க்ஹோஃப்ஸ் 1883ல் ராணுவத் தகவல் பற்றி எழுதியபோது சொன்னதும் இதுதான்: முறை எதிரி கையில் சிக்கினாலும் கெடுதி வரக்கூடாது.

உங்கள் ஊரில் கள்ளச்சாவி போட்டால் மாட்டிக்கொள்ளும் பூட்டு, இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு என்றெல்லாம் செய்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சூட்சுமங்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் வீட்டில் இனிப்பு வாங்கினோம்.

முறையை வெளியில் வைத்தால் இன்னொரு நன்மை, உடைக்க ஆள் வருவார்கள். குவாண்டம் கணினி வந்தாலும் தாங்கும் என்று நம்பப்பட்ட சைக் என்ற முறை, அமெரிக்கத் தர நிறுவனத்தின் போட்டியில் நான்காம் சுற்று வரை வந்தது. 2022ல் இரண்டு பேர் அதன் மிகச் சிறிய அளவுருவைச் சாதாரணக் கணினியின் ஒரே கோரில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். எல்லோர் கைக்கும் போவதற்கு முன்பே உடைந்தது நல்லது. அந்தப் போட்டியில் தேறிய முறைகளில் மூன்று 2024 ஆகஸ்டில் தரமாக வெளிவந்தன. உங்கள் சிலபஸில், அவற்றில் பெரும்பாலானவை நிற்கும் லாட்டிஸ் (புள்ளிகளின் ஒழுங்கான வலை) கணிதம் பற்றி ஒரு வாரமாவது இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி.

3 ஆகஸ்ட்

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு மாணவர் தன் கல்லூரியின் மதிப்பெண் பக்கத்தில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்து, அதன் வழியாக நாற்பது பேர் மார்க்கை எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார், பாராட்டுவேன் என்று நினைத்து. அந்தக் கோப்பைத் திறக்காமல் அழித்துவிட்டேன். அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினியில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43. தீய நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66, மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "கற்றுக்கொள்ளத்தான் செய்தேன்" என்பதை போலீஸ் நிலையத்தில் நின்று நிரூபிக்க வேண்டியிருக்கும். 21 வயதில் அது வேண்டாம்.

ஓட்டை கண்ணில் பட்டால் அங்கேயே நில்லுங்கள். ஒரு வரி கூட இறக்காதீர்கள். கணினிக்கு உரியவர்களிடம் எழுத்தில் தெரிவியுங்கள், பதில் இல்லையென்றால் நாட்டின் கணினிப் பாதுகாப்பு அவசர உதவி அமைப்பான செர்ட் இன்னுக்கு எழுதலாம். உடைத்துப் பழக உடைப்பதற்கென்றே கட்டிய இடங்கள் இருக்கின்றன: கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தும் பிகோசிடிஎஃப் என்ற உடைத்துப் பழகும் போட்டி இலவசம், பள்ளிப் பிள்ளைகளே ஆடுகிறார்கள். எங்கள் லேபில் இணைய இணைப்பே இல்லாத எட்டுக் கணினிகள் இதற்காக இருக்கின்றன.

அந்த மாணவரோடு ஃபோனில் பேசிவிட்டேன். நல்ல பிள்ளை. கண்டதை ஒரு பக்க அறிக்கையாக எழுதி முதல்வரிடம் கொடுத்திருக்கிறார், நானும் படித்துத் திருத்திக் கொடுத்தேன்.

24 ஆகஸ்ட்

2011ல் நான் செய்த தவறைப் பற்றி எழுதினேனே, கவுண்டர் திரும்ப வந்தது. அதை இந்த வருடம் லேபாக மாற்றினேன், தமிழில். இதுவரை நடத்தியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த லேப் இது.

கவுண்டர் முறையில் சாவியும் கவுண்டரும் சேர்ந்து ஒரு பைட் வரிசையை உண்டாக்கும், அதுதான் சாவி ஓடை. செய்தியை அதோடு எக்ஸார் செய்து மறைக்கிறோம்: பிட் பிட்டாக ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. ஒரே சாவி ஓடையால் இரண்டு செய்திகளை மறைத்துவிட்டால், இரண்டு மறைசெய்திகளையும் எக்ஸார் செய்யும்போது சாவி தானாகவே கழன்றுவிடும். மிஞ்சுவது இரண்டு மூலச் செய்திகளின் எக்ஸார். சோவியத் உளவுத் தகவல்களை 1940களில் அமெரிக்கர்கள் படித்தது, ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய சாவித்தாள்கள் இரண்டாம் முறை அச்சாகிப் போனதால்தான். ஆங்கிலச் செய்திகளில் இதை எப்படிப் பிரிப்பது என்று எல்லாப் பாடத்திலும் இருக்கும். தமிழில்?

தமிழ் எழுத்தின் மூன்று பைட்டில் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175, வேறு இல்லை. மூன்றாவதுதான் மாறும், 128 முதல் 191 வரை. ஆக இரண்டு தமிழ்ச் செய்திகளை எக்ஸார் செய்தால் மூன்றுக்கு ஒரு பைட் சுத்தமாக 0. அடுத்த பைட் 0 அல்லது 1. மூன்றாவது 0 முதல் 63க்குள். சாவி இல்லாமலே "இது தமிழ்" என்று கத்துகிறது.

அந்த 0, 1 தான் புதையல். மெய், உயிர், அப்புறம் கால், இகரக் கொக்கி வரைக்கும் 174 பக்கம். ஈகாரக் கொக்கியிலிருந்து மீதிக் குறிகளும் புள்ளியும் 175 பக்கம். ஆக 1 வந்தால், ஒரு செய்தியில் 175 பக்கத்துப் புள்ளியோ குறியோ இருக்கிறது, மற்றதில் 174 பக்கத்தது. எந்தச் சொல்லும் புள்ளியிலோ குறியிலோ தொடங்காது. புள்ளிக்கு அடுத்து இன்னொரு புள்ளி வராது. குறிக்கு முன்னால் கண்டிப்பாக மெய்யெழுத்து வேண்டும். தொல்காப்பியர் சொன்ன மொழிமுதல் எழுத்து விதிகளை ஒரு மாணவன் நிரலில் எழுதினான், ஞகரத்தில் தொடங்கும் சொல் குறைவு, டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று. ஆனால் நாம் டீ, டிக்கெட் என்று எழுதுகிறோமே, அதனால் அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது. "வணக்கம்" என்று தொடங்கும் செய்தி என்று ஊகித்து இழுத்தோம். மாலை நான்கு மணிக்கு இரண்டாவது செய்தி வந்துவிட்டது: "நாளை மாட்டுத்தாவணியில் சந்திப்போம்." வகுப்பு கைதட்டியது. பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு எல்லோரும் பருத்திப்பால் குடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம், அங்கேயும் இதே பேச்சு.

25 ஆகஸ்ட்

நேற்று எழுதியதில் ஒரு பிழை, ஒரு வாசகர் பிடித்துவிட்டார். "மூன்றுக்கு ஒன்று 0" என்பது முதல் இடைவெளி வரைதான். இடைவெளிக்கு ஒரே பைட், 32. ஒரு செய்தியில் இடைவெளி வந்ததும் வரிசை ஒரு பைட் நகர்ந்துவிடும். நகர்ந்த பிறகு 0க்குப் பதிலாக மூன்றுக்கு ஒருமுறை 78 அல்லது 79 வரும், அது 224ஐ 174 அல்லது 175 ஓடு எக்ஸார் செய்த எண். அதைப் பார்த்து எத்தனை நகர்ந்திருக்கிறது என்று திரும்பப் பிடித்துக்கொள்ளலாம்.

இதைவிட அருமையான ஒன்றையும் அவர் எழுதியிருக்கிறார். தமிழ் எழுத்தின் மூன்று பைட்டும் 128 அல்லது அதற்கு மேல், இடைவெளி 128க்குக் கீழ். ஆகவே எக்ஸாரில் 128 அல்லது அதற்கு மேல் எண் எங்கே வந்தாலும் அங்கே ஏதோ ஒரு செய்தியில் சொல் முடிகிறது. சொல் எங்கே முடிகிறது என்பது கையில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நான் பதினான்கு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கும் தவறு இது, இது எனக்குத் தோன்றவில்லை. நன்றி.

14 செப்டம்பர்

தனியுரிமை பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால், நான் படித்தபோது அதை இலேசான பாடம் என்று நினைத்தேன். சட்டம், கொள்கை, கட்டுரை எழுதுவது, அவ்வளவுதான் என்று. அந்த எண்ணம் உசிலம்பட்டியில் மாறியது.

இங்கே விசேஷ வீடுகளில் இப்போது மொய் நோட்டு குறைந்துவிட்டது. லேப்டாப், சின்ன பிரிண்டர் வைத்து எழுதுகிறார்கள், பேர் சொன்னால் ரசீது கையில் வரும், ஃபோனுக்குக் குறுஞ்செய்தியும் வரும். எங்கள் மாணவர் ஒருவர் தன் சித்தப்பா வீட்டுக் காதணி விழாவின் மொய்ப் பட்டியலை, சித்தப்பாவின் சம்மதத்தோடு, ப்ராஜெக்டுக்குக் கொண்டுவந்தார். பெயரை எடுத்துவிட்டார், இனிஷியலை எடுத்துவிட்டார், ஃபோன் எண்ணை எடுத்துவிட்டார். ஊர், தொகை, என்ன முறை என்பது மட்டும் மிச்சம். "இப்போ யாருன்னு தெரியாது மேம்" என்றார்.

அந்த வாரக் கடைசியில் அவர் ஊருக்குப் போனோம். அவருடைய அப்பத்தா திண்ணையில் இருந்தார். நாற்பது வரியை வாசித்துக் காட்டச் சொன்னேன். "செக்கானூரணி, ஐயாயிரம், பங்காளி" என்றதும், "அது மேலத்தெரு லாரிக்காரன். நாம அவன் மகளுக்கு ரெண்டாயிரம் செஞ்சோம், கூடத்தான் செஞ்சிருக்கான்" என்றார். பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டார். அதைவிட முக்கியம், பட்டியலில் எந்த ஊர் இல்லை என்று பார்த்து, யார் வரவில்லை என்பதையும் சொன்னார். "வந்து பேருக்கு நூறு எழுதிட்டுப் போயிருக்கான், மனத்தாங்கல் இன்னும் தீரல" என்று ஒரு வரிக்கு. மாணவர் முகம் வெளிறிவிட்டது. அது அவருக்கே தெரியாத ஒரு குடும்பச் சண்டை.

லடான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சியாளர் 1997ல் மாசசூசெட்ஸில் செய்ததும் இதைத்தான். பெயர் நீக்கிய மருத்துவப் பதிவுகளை 20 டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலோடு பொருத்தி, ஆளுநரின் மருத்துவப் பதிவையே எடுத்துக் காட்டினார். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்று போதும், அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டிவிடும் என்று அவர் பிறகு கணக்கிட்டார். அவருக்கு வாக்காளர் பட்டியல் கைகொடுத்தது. இங்கே அப்பத்தாவின் நினைவே போதுமானதாக இருந்தது.

எதிராளி யார், அவர் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? ஜூனில் நான் எழுதிய அதே கேள்வி. தனியுரிமையில் எதிராளி என்பவர் நம்மேல் பாசமுள்ள, நம்மைப் பற்றி நிறையத் தெரிந்த ஒருவராகவும் இருக்கலாம்.

21 செப்டம்பர்

அப்படியென்றால் மொய்ப் பட்டியலில் இருந்து எதையுமே வெளியிட முடியாதா என்று கேட்கிறீர்கள். முடியும். ஆள் ஒருவரின் வரி இருந்தாலும் எடுத்தாலும் பதில் ஏறக்குறைய அதேபோல வரும்படி, பதிலில் அளந்து கொஞ்சம் குலுக்கலை, அதாவது தற்செயலான கூட்டல் கழித்தலை, கலக்க வேண்டும். ட்வோர்க், மெக்ஷெர்ரி, நிசிம், ஸ்மித் நால்வரும் 2006ல் எழுதிய வரையறை அது. எவ்வளவு குலுக்குவது என்பது ஒரே ஒருவரால் பதில் அதிகபட்சம் எவ்வளவு மாற முடியும் என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் தாய்மாமன் வருகிறார். எல்லோரும் ஐந்நூறு, ஆயிரம் எழுதும் இடத்தில் மாமன் ஒரு லட்சம் எழுதுவார், சீர் தனி. அவரை மறைக்க வேண்டுமென்றால் லட்ச ரூபாய் அளவுக்குக் குலுக்க வேண்டும், அப்போது சின்ன ஊரின் மொத்தத் தொகைக்கு அர்த்தமே இருக்காது. ஐயாயிரத்துக்கு மேல் எழுதியதையெல்லாம் ஐயாயிரம் என்றே எண்ணிக்கொள்வது என்று வைத்தால் குலுக்கல் குறையும், ஆனால் மொத்தம் குறைத்துக் காட்டும். எந்த இடத்தில் வெட்டுவது? மாணவர்கள் இரண்டு மணி நேரம் சண்டை போட்டார்கள். தேர்வில் இதை ஒரு சூத்திரமாகக் கேட்டால் பத்து நிமிடத்தில் எழுதிவிடுவார்கள்.

கடைசியில் அந்த மாணவர் தரவை வெளியிடவில்லை. சித்தப்பா சம்மதித்தார் சரி, பட்டியலில் இருக்கும் மற்றவர்கள் யாரும் சம்மதிக்கவில்லையே என்றார். செயற்கையாகத் தானே ஒரு பட்டியல் உண்டாக்கி அதில் வேலை செய்தார். அவருக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

2 அக்டோபர்

நேற்று ஆயுத பூஜை. லேபைக் கழுவி, கணினிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொரியோடு பேச்சு எங்கள் ஊர்க் கோயில் நகைப்பெட்டிக்குப் போனது. அதற்கு மூன்று பூட்டு, மூன்று வகையறாவிடம் ஆளுக்கொரு சாவி, மூவரும் வந்தால்தான் திறக்கும். ஒரு வருடம் கொடைக்கு ஒரு பெரியவர் மகள் வீட்டுக்குத் திருப்பூர் போனவர், உடம்பு முடியாமல் அங்கேயே இருந்துவிட்டார். சாவி அவர் மடியில். பூட்டை உடைத்தோம்.

மூவரில் எந்த இருவர் வந்தாலும் திறக்க வேண்டும், ஒருவர் மட்டும் வந்தால் திறக்கவே கூடாது. ஆர்.எஸ்.ஏ.வை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஷமீர் 1979ல் இதற்கு வழி சொன்னார். ரகசிய எண்ணை ஒரு நேர்கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடமாக வை. கோட்டின் மேல் மூன்று புள்ளி, ஆளுக்கொன்று. இரண்டு புள்ளி இருந்தால் கோடு கிடைக்கும். ஒரே புள்ளி வழியாக எத்தனையோ கோடு போகும், அதனால் ஒருவரால் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஐந்தில் மூன்று பேர் வேண்டுமென்றால் கோட்டுக்குப் பதில் பரவளையம். சரியாகச் செய்வதற்குச் சாதாரண எண்களில் இல்லாமல் ஒரு பகா எண்ணின் வகு மீதிகளில் செய்ய வேண்டும். எண்கோட்பாடு வந்துவிட்டது பாருங்கள், ஆறாவது வாரத்தில் இல்லை, பதினான்காவது வாரத்தில். அது வேண்டியபோது வரும்போது பிள்ளைகள் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள்.

9 நவம்பர்

பணம், வேலை பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. கேட் மதிப்பெண்ணோடு, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கிரிப்டோவையே முதன்மையாகப் படிக்க வேண்டுமென்றால் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் கிரிப்டாலஜி, பாதுகாப்பு எம்.டெக். இருக்கிறது. வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளம். கேட்கக் காசில்லை, தேர்வுக்குத்தான் 1,000 ரூபாய். சென்னை ஐ.ஐ.டி.யின் செஸ்டர் ரெபெய்ரோ நடத்தும் பாதுகாப்பான கணினி அமைப்புகள் பற்றிய பாடமும், பெங்களூரு ஐ.ஐ.ஐ.டி.யின் ஆஷிஷ் சௌத்ரி நடத்தும் கிரிப்டோ அடிப்படைப் பாடமும் என் மாணவர்களுக்குக் கட்டாயம். இரண்டாவதில் நான் சொன்ன விளையாட்டுகள் எல்லாம் பொறுமையாக வரும்.

சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மாமாவிடம் சொல்லுங்கள். முதல் வேலைக்கு அது கதவைத் தட்டும். எடுங்கள். கூடவே இதையும் படியுங்கள்.

30 நவம்பர்

ஜூனில் கேள்வி கேட்ட தம்பி எம்.இ. சேர்ந்துவிட்டார், இங்கேயே, மதுரையில். இன்று நத்தம் சாலை நூலகத்துக்கு வந்திருந்தார். நாங்கள் ஆறு ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே உட்கார்ந்து படித்துவிட்டு, வெளியே டீக்கடையில் பேசுவோம். தான் எழுதிய முதல் நிரூபணத்தைக் கொண்டுவந்தார், நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஓர் இடத்தில், எதிராளி ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்க மாட்டான் என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டிருந்தார். நான் சுட்டிக்காட்டுவதற்குள் அவரே விரலை அங்கே வைத்து, "இங்க ஓட்டையா இருக்குல்ல, அக்கா?" என்றார்.

ஆமாம். அதை எப்படி அடைப்பது என்பதுதான் அடுத்த ஞாயிறு வேலை. காலை பத்து மணி. வர நினைப்பவர்கள் வரலாம், தாளும் பேனாவும் போதும்.